உசாத்துணைப் பட்டியலில் இடம்பெறாதோர்

மேற்கோள்களை ஒழுங்குபடுத்துவதும் உசாத்துணைப் பட்டியல் தயாரிப்பதும் எழுதுவினைஞரின் வேலை என்றொரு கருத்துப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஆய்வு முடிந்து, முடிவுரையும் எழுதப்பட்டு, கையெழுத்துப் பிரதி சஞ்சிகைக்கு அனுப்பப்படவிருக்கும் கடைசி இரவில் அவசர அவசரமாகச் செய்து முடிக்கப்படும் காரியமாகவே அது கருதப்படுகின்றது. எங்கே காற்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி, ஆண்டு அடைப்புக்குறிக்குள் வருமா, வெளியே வருமா என்பனவே அதன் சிக்கல்கள் எனவும், அவற்றைக் கணினி மென்பொருளொன்றிடம் ஒப்படைத்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் எனவும் மாணவர் எண்ணுகின்றனர். அவர்களை நெறிப்படுத்தும் விரிவுரையாளருட் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

இக்கருத்துத் தவறானது. மலையகத்தைப் பொறுத்தவரை, சிறப்பாகப் பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் பொறுத்தவரை, அது அநீதியானதுமாகும். ஒரு கட்டுரையின் உசாத்துணைப் பட்டியல், கட்டுரையாளர் யாரை அறிவுடையோராக ஏற்றுக்கொண்டார், யாரை வெறும் ஆய்வுப் பொருளாகக் கொண்டார் என்பதைக் காட்டும் பதிவேடாகும். ஊவாவின் மண்ணையும் நீரையும் தேயிலையையும் நோய்களையும் பற்றி எழுதப்படும் விஞ்ஞானக் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போர், அம்மண்ணில் ஐந்து ஆறு தலைமுறையாக உழைத்து வரும் மக்களின் பெயரை அங்கு காண்பது மிக அரிது. அவர்கள் மொழியில் எழுதப்பட்ட நூல்களைக் காண்பதும் அரிது. இந்த இன்மை தற்செயலானதா, அன்றி விதிகளால் நேர்ந்ததா, அல்லது விதிகளைச் சாட்டாகக் கொண்ட சோம்பலால் நேர்ந்ததா என்பதே ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

1

உசாத்துணை முறை மேனாட்டார் திணித்த சடங்கு எனக் கூறி அதனைப் புறந்தள்ளுவோர் முதலில் தமிழின் உரை மரபை நோக்குதல் வேண்டும். யாப்பருங்கல விருத்தியுரைகாரர் எடுத்தாண்ட நூல்களுட் பல இன்று இல்லை. அவற்றின் பெயரும் சில செய்யுள்களுமாவது எஞ்சியமைக்குக் காரணம், அவர் அவற்றை மேற்கோளாகக் காட்டியமையே. மயிலை சீனி. வேங்கடசாமி 1959 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூல் பெரிதும் இத்தகைய மேற்கோள்களையே ஆதாரமாகக் கொண்டெழுந்தது. நூல் அழிந்த பின்னரும் மேற்கோள் நூலை வாழ்விக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் தமிழறிஞர் அறிந்ததே. சீவகசிந்தாமணியை 1887 இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் நூற்பெயர் கூறாது எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என அறியப் பட்ட பாட்டினை அவர்தம் வரலாற்றைப் படித்தோர் நன்கறிவர். உரையாசிரியர் காலத்து மாணாக்கர்க்கு அந்நூல்கள் மனப்பாடமாக இருந்தன. பின்வந்தோர்க்கோ அவை புதிராயின. மூலத்தைக் குறிப்பிடாத மேற்கோள் தன் காலத்தாருக்கு மட்டுமே பயன்படும். குறிப்பிட்ட மேற்கோளே வருங்காலத்தாருக்கும் பயன்படும்.

இன்று விஞ்ஞானச் சஞ்சிகைகள் கடைப்பிடிக்கும் முறைகளும் ஒருவகையில் இத்தகைய தேவைகளினின்றே தோன்றின. ஹாவார்ட் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் எட்வேர்ட் லோரன்ஸ் மார்க், நத்தையினமொன்றின் முட்டை வளர்ச்சி பற்றி 1881 இல் வெளியிட்ட கட்டுரையில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்தின் ஊடே அடைப்புக்குறிக்குள் தந்தார். ஹாவார்ட் முறை எனப்படுவதன் தோற்றுவாய் இதுவே என்பர். அமெரிக்க உளவியற் சங்கத்தின் முறை 1929 இல் சில பக்க அளவிலான அறிவுறுத்தலாகத் தொடங்கி, 2019 இல் ஏழாம் பதிப்பாக ஒரு பெருநூலாயிற்று. மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர் சிலர் 1978 இல் கனடாவின் வன்கூவர் நகரிற் கூடி வகுத்ததே, மூலங்களுக்கு வரிசை எண் கொடுக்கும் வன்கூவர் முறையாகும்.

இவ்வரலாறு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. இவ்விதிகள் வேதவாக்குகளல்ல. தம்முன் குவிந்த நூல்களையும் கட்டுரைகளையும் எளிதிற் கையாளும் பொருட்டு மனிதர் கூடி வகுத்தவை; தேவை மாறியபோது மாற்றியவை. மார்க்கின் முன்னே இருந்தவை ஐரோப்பிய ஆய்வாளரின் அச்சிட்ட கட்டுரைகள். அவற்றுக்கேற்ற முறையை அவர் கண்டார். அம்முறையில் ஊவாவின் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இடமில்லாதிருப்பின், அது அவள் குறையன்று. அவளை எதிர்பார்த்து அம்முறை வகுக்கப்படவில்லை என்பதே பொருள்.

2

ஊவாவின் விஞ்ஞான வரலாறே ஒரு மேற்கோளிலிருந்து தொடங்குகின்றது எனலாம். இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கையை அழித்த இலைநோய் 1869 இல் முதன்முதலாக அறியப்பட்டது பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதியிலேயே. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே மைல்ஸ் ஜோசப் பேர்க்லி என்னும் பாதிரியார் அப்பங்கசுக்கு அவ்வாண்டிலேயே ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். விஞ்ஞானப் பெயரீட்டு முறைப்படி அப்பெயரை முழுமையாக எழுதுவோர் இன்றும் அதன் பின்னே பேர்க்லி, புரூம் என்னும் இருவர் பெயரையும் சுருக்கி எழுதுகின்றனர்.

முதலில் விவரித்தவர் பெயரைச் சொல்லுதல் என்பது அவ்விதி. அது நல்ல விதியே. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் அறிஞரின் உழைப்பை அது மறக்கவிடவில்லை. ஆனால் அப்பெயர்த்தொடரில் மடுல்சீமைக்கு இடமில்லை. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படிந்திருந்ததை நாள்தோறும் தம் கைகளிலே கண்ட தொழிலாளர்க்கும் இடமில்லை. கோப்பி அழிந்தபோது வேலையும் கூலியும் இழந்தவர்கள் அவர்களே. நோயின் வரலாற்றில் அவர்கள் பாதிக்கப்பட்டோராக வருகின்றனர், அறிந்தோராக வருவதில்லை.

இந்த நிலை கோப்பியோடு முடிந்துவிடவில்லை. கோப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலை ஊவாவுக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைக் கடந்து வறண்டு வீசும் கச்சான் காற்றில், ஊவாத் தேயிலை தனக்கே உரிய மணத்தைப் பெறுகின்றது. அம்மணத்துக்கு மெதைல் சலிசிலேற்று என்னும் சேர்வை முக்கிய காரணம் என இரசாயனவியலாளர் காட்டியுள்ளனர். அக்கட்டுரைகளை எடுத்தாளும் ஆய்வாளர் இரசாயனவியலாளர் பெயர்களைக் குறிப்பிடுவது முறையே. ஆயின் காற்றுத் திரும்பியதும் கொழுந்து எவ்வாறு மாறுகின்றது, எந்த மலையின் எந்த முகத்தில் மாற்றம் முதலில் தெரிகின்றது, வாட்டும் தட்டில் இலையின் வாசம் எப்போது மாறுகின்றது என்பனவற்றைக் கொழுந்தெடுப்போரிடமும் தொழிற்சாலைத் தொழிலாளரிடமும் கேட்டறிந்து, அவ்வறிவின் துணைகொண்டே மாதிரிகளைச் சேகரித்த ஆய்வாளர், கட்டுரை எழுதும்போது என்ன செய்கின்றார்? ‘பொருத்தமான காலத்தில் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன’ என எழுதுகின்றார். அந்தச் செயப்பாட்டு வினைக்குள் பல மனிதர் மறைந்துவிடுகின்றனர். மனம் இளகியவராயின் இறுதியில், ‘தோட்ட முகாமையாளருக்கும் தொழிலாளருக்கும் நன்றி’ என ஒரு வரி சேர்ப்பார். முகாமையாளர் பெயர் அதில் இருக்கும். தொழிலாளர் பெயர் இராது.

நன்றி கூறுதல் வேறு, சான்று கூறுதல் வேறு. நன்றி தேநீர் தந்தவர்க்கும் உரியது. அறிவு தந்தவர்க்கு உரியது சான்று.

3

பெயர் இடம்பெறும்போதும் அது எவ்வாறு இடம்பெறுகின்றது என்பது அடுத்த வினா. மேனாட்டு முறைகள் ஒருவர் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு முன்னே வைக்கின்றன. முன்னுள்ளவற்றை எழுத்தாகச் சுருக்கிப் பின்னே தள்ளுகின்றன. தமிழரிடையே குடும்பப் பெயர் வழக்கு பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும் தன் பெயர் பின்னும் வருவதே வழமை. விண்ணப்பப் படிவங்கள் ‘இறுதிப் பெயர்’ கேட்கும்போது தந்தை பெயரைப் பின்னே எழுதுவோரும் உளர். இதனால் ஒரே ஆய்வாளர் ஒரு சஞ்சிகையில் தன் பெயராலும் மற்றொன்றில் தந்தை பெயராலும் அறியப்படுகின்றார். பெண்ணாயின் திருமணத்துக்கு முன் தந்தையின் எழுத்து, பின் கணவரின் எழுத்து என அவர் இருவராகவே ஆகிவிடுவதும் உண்டு.

இதற்கு ஊவாவிலிருந்தே எடுத்துக்காட்டுத் தரலாம். ‘மலையகச் சிறுகதை வரலாறு’ என்னும் நூலை 2000 இல் வெளியிட்ட தெளிவத்தை ஜோசப், 1934 இல் பதுளைப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். 2022 இல் மறைந்தவர். தெளிவத்தை அவர் தந்தை பெயரன்று. அவர் ஆசிரியராகப் பணியாற்றிய பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றின் பெயர் அது. ஒரு தோட்டத்தின் பெயரைத் தன் பெயரின் முன்னே சூட்டிக்கொண்டமை அவ்வெழுத்தாளர் தமது இலக்கிய வாழ்வு முழுவதற்கும் இட்ட கையொப்பமாகும். மென்பொருள் இப்பெயரைக் கண்டால் யாது செய்யும்? ‘ஜோசப், தெ.’ என எழுதும். உலகில் எண்ணற்ற ஜோசப்புகளுள் ஒருவராக அவரை ஆக்கிவிட்டு, தோட்டத்தை ஓர் எழுத்தாகவும் ஒரு புள்ளியாகவும் தேய்த்துவிடும். இப்பெயர் பிரிக்கப்படத்தக்கதன்று, ‘தெளிவத்தை ஜோசப்’ என முழுமையாகவே அகரவரிசையில் இடம்பெற வேண்டும் என்பதை மென்பொருள் அறியாது. தமிழ் படித்த மாணவன் அறிவான். அவன் அறிந்தும் திருத்தாது விடுவானாயின் குற்றம் மென்பொருளுடையதன்று.

இடப்பெயர்களின் கதியும் இதுவே. ஒரே ஊர் அப்புத்தளை எனவும் ஹப்புத்தளை எனவும் எழுதப்படுகின்றது. மீரியபெத்தை ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களோடு காணப்படுகின்றது. தோட்டங்களுக்கோ கம்பனிப் பதிவேட்டில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு பெயரும் உண்டு. ஆய்வாளர் ஒரு பெயரை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிட்டால், அவ்வூர் பற்றிய தமிழ்ச் செய்திகளும் நூல்களும் பின்வரும் ஆய்வாளர் தேடும்போது கண்ணிற் படாமலே போகும்.

4

சஞ்சிகைகளின் விதிகளுள் மிகுந்த விவாதத்துக்குரியது வாய்மொழிச் சான்று பற்றியதாகும். அமெரிக்க உளவியற் சங்க முறைப்படி, வாசகர் மீண்டும் எடுத்துப் பார்க்க இயலாத உரையாடல் ‘தனிப்பட்ட தொடர்பு’ எனப்படும். அது கட்டுரையின் உடலில் அடைப்புக்குறிக்குள் இடம்பெறலாம். உசாத்துணைப் பட்டியலில் இடம்பெறலாகாது. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர் குழுவின் விதி, இன்றியமையாத போதன்றி அத்தகைய சான்றைத் தவிர்க்குமாறே கூறுகின்றது. சரிபார்க்க முடியாததை நம்பக்கூடாது என்பது இதன் நியாயம். அந்நியாயத்தை முற்றாக மறுத்தல் அறிவுடைமையாகாது.

ஆயினும் ‘எழுத்தில் இல்லாதது சான்றாகாது’ என்னும் வாக்கியத்தை மலையக மக்கள் முன்னரும் கேட்டிருக்கின்றனர். ஒரு காலத்தில் ‘துண்டு’ எனப்பட்ட கடிதம் இல்லாத தொழிலாளி மற்றொரு தோட்டத்திற் பேர் பதிய இயலாது. அம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் தொடர்ச்சியாக வாழ்ந்தமையை நிரூபிக்குமாறு கேட்டது. நிரூபிக்கும் பதிவேடுகள் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, 1964 அளவில் ஏறத்தாழ 134,000 பேரே ஏற்கப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் எஞ்சிய 975,000 பேரை இரு நாடுகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் உடன்படிக்கை செய்யப்பட்டது. நாடற்ற நிலை முற்றாக நீங்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு மனிதன் தான் வாழ்ந்த இடத்தில் வாழ்ந்தான் என்பதற்குப் பக்கத்து லயத்தார் சாட்சி போதாதென்றும் காகிதமே வேண்டுமென்றும் கேட்டதன் விளைவு இது.

அரசு செய்ததையும் சஞ்சிகை செய்வதையும் ஒரே தட்டில் வைத்தல் மிகை எனச் சிலர் கூறலாம். விளைவின் கொடுமையில் இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் அவற்றின் தருக்கம் ஒன்றே. காகிதம் உண்டாக்கும் வசதி யாரிடம் இருக்கின்றதோ அவரே சாட்சியாவார் என்பது அத்தருக்கம். அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று தொழிலாளி தனக்கு வேண்டிய காகிதத்தைத் தானே உண்டாக்க இயலாதிருந்தான். இன்று ஆய்வாளன் அதை உண்டாக்க இயலும். ஒலிப்பதிவும் திகதியும் ஒப்புதலும் அவன் கையிலேயே உள்ளன. உண்டாக்காமல் விடுவது அவன் தெரிவு.

இது வெறும் மதிப்பு மரியாதை பற்றிய பிரச்சினையன்று, உயிர் பற்றிய பிரச்சினையுமாகும் என்பதற்கு மீரியபெத்தை சாட்சி. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டப் பிரிவின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது, மக்களை இடம்மாற்ற வேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தமை பின்னர் பரவலாக வெளிவந்தது. இறந்தோர் தொகை முதல் நாட்களின் செய்திகளில் நூற்றுக்கு மேல் எனக் கூறப்பட்டது. பிந்திய அதிகாரபூர்வக் கணக்கில் அது பெரிதும் குறைந்தது. இவ்வழிவு பற்றி எழுதும் ஒருவர், தாம் தரும் எண் எந்தத் திகதியில் வந்த எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது எனக் குறிப்பிடாவிடின், மாண்டோர் எத்தனை பேர் என்னும் கேள்வியே கட்டுரைக்குக் கட்டுரை மாறிக்கொண்டிருக்கும். ஒரு புள்ளியும் ஓர் ஆண்டும் அற்பமானவை என்போர் இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும்.

மண்சரிவு பற்றிய கட்டுரைகளில் ‘பிரதேச மக்கள் கூறுவதன்படி’ என்றொரு தொடர் வருவதுண்டு. எந்த மக்கள்? எந்த லயத்தில் வாழ்ந்தோர்? எப்போது கூறினர்? நிலத்தில் வெடிப்புக் கண்டது எந்த மாதம்? ஊற்று இடம்மாறியது மழைக்கு முன்னா, பின்னா? இவற்றுக்கு விடையில்லாத தொடர் விஞ்ஞானத்துக்கும் பயனற்றது, மக்களுக்கும் பயனற்றது. மழைமானி காட்டிய அளவுக்குக் கருவியின் பெயரும் இடமும் நேரமும் தரும் ஆய்வாளர், சரிவின் மேல் நாற்பதாண்டு வாழ்ந்தவர் கூறியதற்கு அவற்றுள் ஒன்றையேனும் தருவதில்லை. கருவிக்குள்ள தகுதி மனிதருக்கு இல்லை என்பதே இதன் பொருளாகும்.

5

இவ்வாதத்துக்கு எதிராகக் கூறப்படத்தக்கவை மூன்று.

முதலாவது, தொழிலாளர் பெயரை வெளியிடல் அவர்களுக்கு ஆபத்து விளைவிக்கும் என்பது. இது மெய்யான தடை. நிருவாகத்தைக் குறைகூறிய ஒருவர் பெயரும் தோட்டமும் அச்சில் வந்தால் அவர் வேலைக்கும் வீட்டுக்கும் இடையூறு நேரலாம். ஆனால் இதற்குத் தீர்வு மௌனமன்று. பெயரை விடுத்துக் குறியீடு இடலாம். தோட்டத்தை விடுத்துப் பிரதேசத்தைக் குறிக்கலாம். தொழில், வயதெல்லை, உரையாடிய மொழி, திகதி, பதிவு வைக்கப்பட்டுள்ள இடம் ஆகியவற்றைத் தரலாம். எதை வெளியிடலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பேசியவருடையது. பெயர் வெளிவர வேண்டுமென விரும்புவோரும் உளர். அவர்களைக் கேளாமலே மறைப்பது பாதுகாப்பு ஆகாது. பாதுகாப்பின் பெயரால் நிகழும் மறுப்பாகும்.

இரண்டாவது, சர்வதேசச் சஞ்சிகைகள் தமிழ் மூலங்களையும் வாய்மொழியையும் ஏற்கமாட்டா என்பது. இது பெரும்பாலும் சோதித்துப் பாராத நம்பிக்கையே. ஆங்கிலமல்லாத நூலின் தலைப்பை உரோம எழுத்திற் பெயர்த்தெழுதி, அதன் பொருளைச் சதுர அடைப்புக்குள் தரலாம் என அமெரிக்க உளவியற் சங்கத்தின் விதியே கூறுகின்றது. தமிழ் நூல்கள் கிடைப்பதரிது என்பதும் முன்போல் உண்மையன்று. நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005 முதல் மலையக நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் படிக்கத்தக்கதாகத் திறந்து வைத்துள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த தோட்டப் பாடல்களும் சாரல்நாடனின் வரலாற்று நூல்களும் மேற்கோள் காட்டப்படாமைக்கு அவை கிட்டாமை காரணமென இனிச் சொல்லுதல் இயலாது.

வாய்மொழியைப் பொறுத்தவரை வழிகாட்டல் கனடாவிலிருந்து வந்துள்ளது. அங்கே கிறீ சமூகத்தைச் சேர்ந்த நூலகவியலாளர் லோரிசியா மக்லியோட், தமது மக்களின் மூத்தோரும் அறிவுக் காவலரும் கூறியவற்றை உசாத்துணைப் பட்டியலிலேயே இடம்பெறச் செய்யும் படிவங்களை 2021 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கூறியவர் பெயர், சமூகம், வாழும் நிலம், பேசிய பொருள், திகதி என்பன அவற்றில் அடங்கும். பல நூலகங்கள் அவற்றை மாணவர்க்குப் பரிந்துரைக்கின்றன. அமெரிக்க உளவியற் சங்கமும் தன் ஏழாம் பதிப்பில் முதுகுடி மக்களின் வாய்மொழி மரபைக் குறிப்பதற்கெனத் தனி நெறி வகுத்துள்ளது. மலையக மக்கள் முதுகுடியினர் அல்லர். அவர்கள் வரலாறு வேறு. எனினும் கேட்டவர் இருந்தமையால் விதி மாறியது என்பதே அங்கிருந்து கற்கவேண்டிய பாடம். வன்கூவரிற் கூடியோரால் விதி வகுக்க முடியுமாயின், பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பதுளையிலும் கூடுவோரால் ஏன் முடியாது?

மூன்றாவது, இவையெல்லாம் மென்பொருள் செய்யும் வேலை என்பது. சொத்தேரோ முதலிய மென்பொருள்கள் ஆயிரம் உசாத்துணைகளை ஒரு நொடியில் ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றும். அவற்றைப் பயன்படுத்தாதிருத்தல் மூடத்தனம். ஆனால் உள்ளே இட்டதையே அவை வெளியே தரும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ இன்னும் ஒருபடி மேற்சென்று, எக்காலத்தும் எழுதப்படாத கட்டுரைகளுக்கு ஆசிரியரும் ஆண்டும் பக்க எண்ணும் கற்பித்துத் தருகின்றன. சோம்பிய ஆய்வாளர் அவற்றைச் சரிபாராது ஏற்றுக்கொள்கின்றனர். இதைவிடக் கொடிய முரண் வேறு யாது? இல்லாத அறிஞர் உசாத்துணைப் பட்டியலில் இடம்பெறுகின்றார்; பசறையிலோ நமுனுகுலவிலோ இன்றும் உயிரோடிருந்து, கேட்டதற்கெல்லாம் விடை சொன்ன மூதாட்டி இடம்பெறுவதில்லை. படிவம் பிழையற்றிருந்ததால் முன்னவர் ஏற்கப்பட்டார். படிவமே இல்லாமையால் பின்னவர் தள்ளப்பட்டார்.

6

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர், மண் மாதிரிக்கு எழுதுவதுபோலவே உரையாடலுக்கும் குறிப்பு எழுதுதல் வேண்டும்: பேசியவர், தொழில், தோட்டமும் பிரிவும், பேசிய பொருள், மொழி, திகதி, ஒப்புதலின் தன்மை. ஒலிப்பதிவையும் குறிப்பையும் பல்கலைக்கழக நூலகம் வாங்கி இலக்கமிட்டுப் பேணுமாயின், அவை ‘மீண்டும் எடுத்துப் பார்க்க இயலாத’ உரையாடல்களாக இரா. சஞ்சிகை விதியின் தடையும் நீங்கிவிடும். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 இல் பதுளையிலேயே தோற்றுவிக்கப்பட்டது. தோட்டங்களின் நடுவே ஒரு பல்கலைக்கழகம் இருக்கும்போது, தோட்டத்து அறிவைப் பேணும் சேகரம் வெகுதொலைவில் இருக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்களை எவ்வாறு எழுதுவது, எப்போது பிரிப்பது, எப்போது பிரியாது விடுவது, இடப்பெயர்களின் வடிவங்களை எவ்வாறு இணைத்துக் காட்டுவது என்பன பற்றிப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும் விஞ்ஞான பீடங்களும் கூடி ஒரு சிறு கைந்நூல் வெளியிடலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளரும் சில பக்கங்களோடேயே தொடங்கினர்.

இவற்றுக்கெல்லாம் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு; அதற்குக் குழுவும் வேண்டியதில்லை, தீர்மானமும் வேண்டியதில்லை. ஊவாத் தோட்டமொன்றைப் பற்றிய ஆய்வேட்டுக்கு ஒப்பமிட அமரும் மேற்பார்வையாளர், முதலிற் கடைசிப் பக்கத்தைப் புரட்டுதல் வேண்டும். அத்தோட்டத்தவர் ஒருவரேனும் அங்கு உளரா? தமிழ் நூல் ஒன்றேனும் உண்டா? இல்லையெனின், பேனையை மூடிவைத்து ஆய்வாளரை மீண்டும் பதுளைக்கு அனுப்புதல் வேண்டும்.